அலி ரைலி: பிறந்தது அமெரிக்கா, கேப்டன் ஆனது நியூசிலாந்துக்கு. தகுதி விதி, கரியர், ஆட்டம் பற்றிச் சில கேள்விகள்

தேன்மொழி (கேள்வி)

நியூசிலாந்து பெண்கள் கால்பந்து அணியின் இடது பேக் (இடது ஓரத்தில் தடுக்கிறவங்க), நெடுங்காலக் கேப்டன் அலி ரைலியோட கரியரை ஒழுங்காப் புரிஞ்சுக்கப் பார்க்கிறேன். பிறந்தது லாஸ் ஏஞ்சலஸ், 1987. அப்பா நியூசிலாந்துக்காரர், அம்மா சீன வம்சாவளி அமெரிக்கர். படிச்சது ஸ்டான்ஃபோர்டில். ஆனா 2007, 2011, 2015, 2019, 2023 என்று ஐந்து உலகக் கோப்பையும் நியூசிலாந்துக்காக.

மூணு விஷயம் தெளிவாகலை.

முதலாவது, இவங்க ஃபிஃபாவிடம் மனு போட்டு நாடு மாறினவங்களா? இங்கிலாந்து இளையோர் அணியில் ஆடிட்டு நைஜீரியாவுக்குப் போன ஆஷ்லி பிளம்ட்ரீ கேஸும் இதுவும் ஒண்ணா?

இரண்டாவது, அமெரிக்கா மாதிரி ஒரு அணி கையெட்டும் தூரத்தில் இருக்கும்போது நியூசிலாந்தைத் தேர்ந்தெடுத்ததில் ஒரு டிஃபெண்டருக்கு என்ன லாபம், என்ன நஷ்டம்?

மூணாவது, பழைய மேட்ச்களைப் பார்க்க உட்கார்ந்தா இவங்ககிட்ட எதைக் கவனிக்கணும்? கோல், அசிஸ்ட் கணக்கை வைத்து ஒரு பேக்கை எடைபோட முடியாதே.

எல்லைக்கோடு (பதில்)

தேன்மொழி, முதல் கேள்விக்கு மட்டும் நான் எழுதுகிறேன். ஆட்டத்தைப் பற்றிப் பேச இங்கே என்னைவிடத் தேர்ந்தவர்கள் இருக்கிறார்கள்.

ரைலி நாடு மாறவே இல்லை. அமெரிக்காவுக்காக எந்த வயதுப் பிரிவிலும் அதிகாரபூர்வப் போட்டியில் இறங்காதவர் அவர். நியூசிலாந்தில் பிறந்த ஒரு குடிமகனுக்கு வெளிநாட்டில் குழந்தை பிறந்தால், அந்தக் குழந்தைக்கு வம்சாவளிக் குடியுரிமை பிறக்கும்போதே வந்துவிடும். பாஸ்போர்ட் வாங்குவதற்குப் பதிவு செய்ய வேண்டும், ஆனால் பதிவு செய்த நாளில்தான் குடியுரிமை தொடங்குகிறது என்று ஆகாது. அமெரிக்கச் சட்டமும் இரட்டைக் குடியுரிமையைத் தடுப்பதில்லை. ஆக, பிறந்ததிலிருந்தே இரண்டு கதவும் அவருக்குத் திறந்துதான் இருந்தன. எதில் நுழைவது என்பதை 2006இல் ரஷ்யாவில் நடந்த 20 வயதுக்குட்பட்டோர் உலகப் போட்டியில் நியூசிலாந்துச் சட்டை போட்டு முடிவு செய்தார். அடுத்த ஆண்டு சீனாவில் நடந்த உலகக் கோப்பையில் சீனியர் அணிக்கு ஆடியதோடு மறு கதவு நிரந்தரமாக மூடிக்கொண்டது.

எது பூட்டும், எது பூட்டாது என்பதில்தான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். நட்பு ஆட்டம் எத்தனை ஆடினாலும் ஒரு நாட்டோடு கட்டிப்போடாது. அதிகாரபூர்வப் போட்டி என்றால், அது தகுதிச்சுற்றாக இருந்தாலும் இளையோர் பிரிவாக இருந்தாலும், ஒரு நிமிடம் களத்தில் நின்றாலே அந்த நாட்டுக்கு உரியவர் ஆகிவிடுகிறீர்கள். அதற்குப் பிறகு இன்னொரு நாட்டுக்கு ஆட வேண்டுமானால் சங்க மாற்றத்துக்கு, அதாவது ஒரு நாட்டுக் கால்பந்துச் சங்கத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற, மனு போட வேண்டும். வாழ்நாளில் ஒரே முறைதான் மாறலாம்.

பிளம்ட்ரீ அந்த வழியில் வந்தவர். லெஸ்டரில் பிறந்தவர், அப்பா வழித் தாத்தா நைஜீரியர். இங்கிலாந்துக்கு இளையோர் பிரிவுகளில் ஆடியிருந்தாரே தவிர சீனியர் அணியில் இறங்கியதில்லை. அதனால் மாற்றத்துக்கு இடம் இருந்தது. 2022 பிப்ரவரியில் ஐவரி கோஸ்ட்டுக்கு எதிரான ஆப்பிரிக்கத் தகுதிச்சுற்றில் நைஜீரியாவுக்கு அறிமுகமானார். 2023 உலகக் கோப்பையின் கடைசி 16 சுற்றில் அதே இங்கிலாந்துக்கு எதிராக அவர் அடித்த பந்து குறுக்குக் கம்பத்தில் பட்டுத் திரும்பியது நினைவிருக்கும். கோல் இல்லாமல் முடிந்த அந்த ஆட்டத்தை நைஜீரியா பெனால்டியில் 2-4 என்று இழந்தது.

சீனியர் அணிக்கே ஆடிவிட்டவர் மாற முடியுமா? 2020 செப்டம்பர் ஃபிஃபா மாநாட்டில் விதி கொஞ்சம் தளர்ந்தது. இப்போது முடியும், ஆனால் எல்லா நிபந்தனையும் சேர்ந்து பொருந்த வேண்டும். முதல் நாட்டுக்கு முதலில் ஆடியபோதே இரண்டாம் நாட்டுக் குடியுரிமை கையில் இருந்திருக்க வேண்டும். முதல் நாட்டுக்குக் கடைசியாக ஆடியபோது 21 வயது நிறைந்திருக்கக் கூடாது. சீனியர் ஆட்டங்கள், நட்பு ஆட்டங்களையும் சேர்த்து, மூன்றைத் தாண்டக் கூடாது. கடைசி சீனியர் ஆட்டம் முடிந்து மூன்று ஆண்டு கழிந்திருக்க வேண்டும். உலகக் கோப்பையின் இறுதித் தொடரிலோ யூரோ போன்ற கண்டக் கோப்பையின் இறுதித் தொடரிலோ இறங்கியிருந்தால் கதை முடிந்தது. ரைலி 2007இல் ஆடியது உலகக் கோப்பை இறுதித் தொடர் என்பதால் இன்றைய தளர்ந்த விதிப்படி பார்த்தாலும் அமெரிக்காவுக்குத் திரும்ப வழி இருந்திருக்காது.

இந்தத் தளர்வுக்கு முன்னால் நிலைமை எவ்வளவு இறுக்கம் என்பதற்கு ஆண்கள் ஆட்டத்திலிருந்து முனிர் எல் ஹதாதியைச் சொல்லலாம். 2014 செப்டம்பரில் ஸ்பெயினுக்காக யூரோ தகுதிச்சுற்றில் சில நிமிடம் மட்டும் மாற்று ஆட்டக்காரராக இறங்கினார். அந்தச் சில நிமிடத்தால் மொராக்கோவுக்கு ஆட 2021 வரை காத்திருந்தார். விளையாட்டுத் தீர்ப்பாயம் வரை போயும் 2018இல் வேலைக்கு ஆகவில்லை.

தேன்மொழி

ரொம்ப நன்றி. அப்படின்னா அந்த நாட்டுப் பாஸ்போர்ட் இருந்தாலே போதும், பெரும்பாலும் சிக்கல் இல்லைன்னு எடுத்துக்கலாமா?

எல்லைக்கோடு

அப்படி எடுத்துக்கொண்டுதான் ஒரு நாடு ஒலிம்பிக் வாய்ப்பையே இழந்தது. அதுவும் நியூசிலாந்துதான்.

2015 பசிபிக் விளையாட்டில் ரியோ ஒலிம்பிக்கிற்கான ஓசியானியா (பசிபிக் தீவு நாடுகளின் கால்பந்துப் பிரிவு) ஆண்கள் தகுதிச்சுற்று நடந்தது. அரையிறுதியில் வனுவாட்டுவை நியூசிலாந்து 2-0 என்று வென்றது. தோற்ற அணி புகார் கொடுத்தது. டிஃபெண்டர் டெக்லன் வின் தென்னாப்பிரிக்காவில் பிறந்தவர், பதின்ம வயதில் நியூசிலாந்துக்குக் குடிவந்து குடியுரிமை பெற்றவர். பாஸ்போர்ட் செல்லும், குடியுரிமையும் உண்மை. ஆனால் பெற்றோரோ தாத்தா பாட்டியோ அந்த மண்ணில் பிறக்காதவர் புதிதாகக் குடியுரிமை பெற்றால், 18 வயதுக்குப் பிறகு ஐந்து ஆண்டு அங்கே வசித்திருக்க வேண்டும் என்பது அன்றைய ஃபிஃபா விதி. அதற்கு 23 வயதாவது ஆகியிருக்க வேண்டும், அவருக்கு ஆகியிருக்கவில்லை. ஆட்டம் வனுவாட்டுவுக்கு 3-0 என்று போனது, ரியோவுக்கு ஃபிஜி போனது. சிறுவயதில் குடிபெயர்ந்தவர்களுக்கு அந்த விதி அநியாயமாக இருந்தது என்பது என் கருத்து. 2020இல் மாற்றினார்கள்: பத்து வயதுக்கு முன் வந்தவருக்கு மூன்று ஆண்டு வசிப்பு போதும், அதற்குப் பிறகு வந்தவருக்கு ஐந்து. சிறுவயதில் வந்தவர், அந்த நாட்டு அணிக்கு ஆடுவதற்காகக் குடிபெயரவில்லை என்பதையும் காட்ட வேண்டும்.

பெண்கள் ஆட்டத்திலும் இது நடந்திருக்கிறது. தகுதியில்லாதவர்களை ஆடவிட்டதற்காக 2019 உலகக் கோப்பையிலிருந்தே எக்குவடோரியல் கினியா விலக்கப்பட்டது.

ஆகவே ஒரு சங்கம் புதிய வீராங்கனையைக் கூப்பிடும்போது வேலை இந்த வரிசையில் நடக்க வேண்டும். குடியுரிமை எந்தத் தேதியில், எந்த அடிப்படையில் வந்தது என்று முதலில் பார்க்க வேண்டும். பாஸ்போர்ட்டில் இருக்கும் தேதி அந்தப் புத்தகம் வழங்கப்பட்ட தேதி மட்டுமே, அதை நம்பி முடிவெடுக்கக் கூடாது. அடுத்து, வீராங்கனையின் பிறப்புச் சான்று, யார் வழியாக உறவு காட்டுகிறோமோ அந்தப் பெற்றோரின் அல்லது தாத்தா பாட்டியின் பிறப்புச் சான்று. திருமணத்துக்குப் பின் பெயர் மாறியிருந்தால் திருமணச் சான்றும் இணைக்க வேண்டும். பாட்டி வழியாக வரும் வழக்குகள் இழுபடுவது பெரும்பாலும் இங்கேதான்: மூன்று தாளில் மூன்று குடும்பப் பெயர் இருக்கும், ஒன்றோடு ஒன்றை இணைக்கும் தாள் இருக்காது. மூன்றாவது, முன்னாள் சங்கத்திடமிருந்து எந்தெந்த ஆட்டம், எந்தப் பிரிவு, எந்தத் தேதி என்ற எழுத்து உறுதி. வீராங்கனையின் ஞாபகத்தை மட்டும் நம்பினால், 15 வயதில் ஆடிய ஒரு தொடர் நட்பா அதிகாரபூர்வமா என்பதில் சறுக்கும். மாற்றம் தேவைப்பட்டால் வீராங்கனையின் எழுத்து விருப்பத்தோடு புதிய சங்கம்தான் ஃபிஃபாவிடம் மனு போட வேண்டும். மனு முடிவாகும் வரை அவர் எந்த நாட்டுக்கும் ஆட முடியாது. அதனால் தொடருக்கு முந்தின வாரம் மனு போடுவது வீண்.

ரைலி போன்றவர்களுக்கு இதில் பாதி வேலை தேவைப்படாது. அப்பா நியூசிலாந்தில் பிறந்தவர், குடியுரிமை பிறப்பிலேயே வந்தது, அமெரிக்கக் கணக்கு காலி.

இடப்பக்கம் (பதில்)

இரண்டாவது கேள்விக்கு வர்றேன். லாபத்தைப் புரிஞ்சுக்க முதலில் ஆஸ்திரேலியாவைப் பார்க்கணும். 1991க்குப் பிறகு நியூசிலாந்து பெண்கள் அணி உலகக் கோப்பைக்கே போகலை. ஓசியானியாவின் ஒரே இடத்தை 1995, 1999, 2003 மூணு தடவையும் ஆஸ்திரேலியா எடுத்துக்கிட்டது. 2006 தொடக்கத்தில் ஆஸ்திரேலியா ஆசியக் கூட்டமைப்புக்கு மாறினதும் அந்த இடம் நியூசிலாந்துக்கு வந்தது. ரைலி சேர்ந்தது சரியா அந்த நேரத்தில். 19 வயதில் உலகக் கோப்பை, 20 வயதில் பெய்ஜிங் ஒலிம்பிக்ஸ். அதே வயதில் அமெரிக்காவில் இருந்திருந்தா இளையோர் முகாமுக்கு அழைப்பு வருமான்னு காத்துக்கிட்டு இருந்திருக்கலாம்.

நஷ்டம், அதே கணக்கோட மறுபக்கம். தகுதிச்சுற்றில் பத்து கோல் வித்தியாசத்தில் ஜெயிக்கிற ஆட்டம் ஒரு பேக்கை எதுக்கும் தயார்ப்படுத்தாது. அங்கேயிருந்து நேரா பிரேசிலுக்கு முன்னாடி போய் நிக்கணும். 2007இல் பிரேசில் 5-0, டென்மார்க் 2-0, சீனா 2-0. நியூசிலாந்து ஒரு கோல்கூட அடிக்கலை. 2011இல் மெக்சிகோவுக்கு எதிரா கடைசி நிமிஷங்களில் இரண்டு கோல் திருப்பி 2-2 ஆக்கினதுதான் பெண்கள் உலகக் கோப்பையில் அவங்களுக்கு முதல் புள்ளி. 2012 லண்டன் ஒலிம்பிக்ஸில் கேமரூனை 3-1னு ஜெயிச்சு காலிறுதி போய், அமெரிக்காவிடம் 2-0 தோத்தாங்க. ரைலியோட முன்னாள் கல்லூரித் தோழி கெல்லி ஓஹாரா அந்த அமெரிக்க அணியில் இருந்தாங்க.

ஆட்டங்களுக்கு நடுவே இருக்கிற இந்த இடைவெளியை கிளப் கால்பந்துதான் நிரப்பியாகணும். ரைலி கிளப் தேர்ந்தெடுத்த விதம்தான் எனக்கு இந்தக் கரியரில் ரொம்பப் பிடிச்ச பகுதி.

ஸ்டான்ஃபோர்டில் 2006 முதல் 2009 வரை. கடைசி ஆண்டில் தேசிய இறுதிப்போட்டியில் வட கரோலினாவிடம் 1-0 தோல்வி. 2010இல் அமெரிக்கத் தொழில்முறை லீகில் எஃப்சி கோல்ட் பிரைட், சாம்பியன், அந்த ஆண்டின் சிறந்த புதுமுகம் விருதும் இவங்களுக்கே. கோப்பை வாங்கின கையோட அந்த கிளப்பை மூடிட்டாங்க. 2011இல் வெஸ்டர்ன் நியூயார்க் ஃப்ளாஷ், மறுபடி சாம்பியன். அடுத்த ஆண்டு லீகே நின்னுபோச்சு. இரண்டு வருஷத்தில் இரண்டு கோப்பை ஜெயிச்சும் வேலை இல்லாத நிலை. அன்னிக்குப் பெண்கள் கால்பந்தோட அடித்தளம் அவ்வளவுதான்.

அப்போ ஸ்வீடன் போனாங்க. மால்மோ, பிறகு ரோசன்கார்டுனு பெயர் மாறின கிளப். 2012 முதல் 2018 வரை. 2013, 2014, 2015 மூணு ஆண்டும் லீக் பட்டம். ஐரோப்பிய கிளப்புகளின் சாம்பியன்ஸ் லீகில் ஆடும் வாய்ப்பும் உண்டு. ஒவ்வொரு வாரமும் கடினமான ஆட்டம், நிலையான சம்பளம், கவனிக்க ஆள். நியூசிலாந்து அணியில் பல பேருக்குக் கிடைக்காத வாராந்திரப் பழக்கம் இவங்களுக்கு இங்கேதான் கிடைச்சது. பயிற்சியில் எதிரே ஓடினது பிரேசில் நட்சத்திரம் மார்த்தா. கோல்ட் பிரைட், ஃப்ளாஷ், ரோசன்கார்ட், பிறகு ஒர்லாண்டோ பிரைட் என்று நாலு கிளப்பில் இரண்டு பேரும் ஒண்ணா இருந்திருக்காங்க. ஒரு பேக்குக்கு அதைவிடப் பெரிய பள்ளிக்கூடம் உண்டா!

2018இல் செல்சிக்குப் போனாங்க, அங்கே ஆட வாய்ப்பு அதிகம் கிடைக்கலை. ஒரு வருஷத்தில் பயர்ன் மியூனிக். பெரிய பேர் இருக்கிற கிளப்பில் பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு மூணு சீசனைத் தொலைக்கிற தப்பை இவங்க பண்ணலை. முப்பது தாண்டின பேக்குக்கு ஆட்ட நிமிஷம் குறைஞ்சா முதலில் போறது வேகம் இல்லை, எப்போ ஓடணும்ங்கிற நேரக் கணிப்பு. அது திரும்ப வர்றது கஷ்டம். 2020இல் ஒர்லாண்டோவில் சேர்ந்தப்போ கோவிட்டால் எல்லாம் நின்னுது, கடனுக்கு, அதாவது தற்காலிக ஏற்பாட்டில், ரோசன்கார்ட் திரும்பிப் போய் ஆடினாங்க. 2022இல் சொந்த ஊரில் புதுசா தொடங்கின ஏஞ்சல் சிட்டிக்கு வந்து கேப்டன் ஆனாங்க.

பயணத்தைச் சொல்லாம விட்டா இந்தக் கரியர் பாதிதான் புரியும். மால்மோவிலிருந்து ஆக்லாந்து போய்ச் சேர ஒரு நாளுக்கு மேல் ஆகும். கோடையா குளிர்காலமாங்கிறதைப் பொறுத்து 10 முதல் 12 மணி நேர வித்தியாசம், அதாவது பகலும் இரவும் தலைகீழ். சர்வதேச ஆட்டத்துக்கு ஃபிஃபா ஒதுக்குற பத்து நாள் இடைவெளியில் போக வர நாலு நாள் போயிடும். உடம்பு நேரத்துக்குப் பழகும் முன்னாடி திரும்பி கிளப்புக்கு ஓடணும். தசைப்பிடிப்பும் தொடைப் பின்தசைக் காயமும் வர்றதுக்கு இதுவே போதும். 2018 மே மாதம் நியூசிலாந்து சங்கம் ஆண்கள் பெண்கள் இரண்டு அணிக்கும் சமமான ஒப்பந்தம் போட்டப்போ சம்பளம், பரிசுத்தொகைப் பங்கோட விமானத்தில் பிசினஸ் கிளாஸும் அதில் இருந்தது. அதை யாரும் சொகுசுன்னு பார்க்கக் கூடாது. 24 மணி நேரம் காலை மடக்கி உட்கார்ந்து வந்து மூணாம் நாள் 90 நிமிஷம் ஓட முடியாது.

ரைலி கேப்டன் ஆனது 2017, ஆபி எர்செக் விலகின பிறகு. அடுத்த ஆண்டே ஜப்பான் ஆட்டத்துக்கு அப்புறம் வீராங்கனைகள் பயிற்சியாளர் ஆண்ட்ரியாஸ் ஹெராஃப் மேல எழுத்துப் புகார் கொடுத்தாங்க, அவர் பதவி விலகினார். உலகக் கோப்பைக்கு ஒரு வருஷம் இருக்கும்போது அணியைக் கட்டிக் காக்கிறது என்ன சுமைன்னு யோசிச்சுப் பாருங்க. கேப்டன் பட்டையைக் கையில் கட்டிக்கிறதோட முடியுற வேலை இல்லை அது.

கடைசிப் பந்து (பதில்)

மூன்றாவது கேள்விக்கு இரண்டு ஆட்டம் போதும், இரண்டும் 2023 உலகக் கோப்பை. ஜூலை 20, ஆக்லாந்து ஈடன் பார்க், நார்வேக்கு எதிரான தொடக்க ஆட்டம். ஜூலை 25, வெலிங்டன், பிலிப்பைன்ஸ். ஐந்து நாள் இடைவெளியில் ஒரே பின்வரிசை, இரண்டு முற்றிலும் வேறான சோதனை.

நார்வே ஆட்டத்தில் இடது பேக் ரைலிக்கு எதிரே வந்தது கரோலின் கிரஹாம் ஹான்சன். பார்சிலோனாவின் வலது விங்கர் (ஓரத்தில் தாக்குபவர்), ஒருவரை ஒருவர் எதிர்கொள்வதில் உலகின் மிகச் சிறந்தவர்களில் ஒருவர். பந்து அவர் காலில் இருக்கும்போது மட்டும் பார்க்காதீர்கள். பந்து மறுபக்கம் இருக்கும்போது ரைலி எங்கே நிற்கிறார் என்று பாருங்கள். பந்து வலது ஓரத்தில் இருந்தால் இடது பேக் உள்ளே ஒடுங்கி, சென்டர் பேக்கிலிருந்து எட்டுப் பத்து மீட்டருக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் விலகினால் நடுவில் நார்வேயின் முன்கள வீராங்கனை ஹேகர்பெர்க் போன்றவருக்கு ஓட ஒரு சந்து கிடைத்துவிடும். ஒடுங்கி நிற்பதற்கு விலை உண்டு: பந்து நீளமாக மறுபக்கம் மாறினால் விங்கருக்கு முன்னால் இருபது மீட்டர் வெற்றிடம். பந்து காற்றில் இருக்கும் நேரத்துக்குள் அந்தத் தூரத்தை ஓடிக் கடந்து, கடைசி நாலைந்து அடியில் வேகத்தைக் குறைத்து, பக்கவாட்டில் உடலைத் திருப்பி நிற்க வேண்டும். வேகம் குறைக்காமல் பாய்பவரை விங்கர் ஒரே தொடுதலில் தாண்டிவிடுவார். நேருக்கு நேர் மார்பைக் காட்டி நிற்பவரின் கால்களுக்கு நடுவே பந்து போய்விடும்.

எட்டிப் பறிக்கப் போவதா, தாமதப்படுத்துவதா? துணைக்கு ஆள் வந்து சேராத வரை தாமதம்தான் சரி. ஒன்றரை இரண்டு மீட்டர் விட்டு, பின்னாலே நகர்ந்துகொண்டே, விங்கரை எல்லைக்கோட்டுப் பக்கம் தள்ள வேண்டும். சென்டர் பேக்கோ இடது மிட்ஃபீல்டரோ பக்கத்தில் வந்ததும் காலை நீட்டலாம். சாதாரணப் பார்வையாளருக்கு இது பின்வாங்கல் மாதிரித் தெரியும். பேக்கின் வேலை அதுதான்.

48ஆவது நிமிடத்தில் ஜாக்கி ஹேண்ட் வலப்பக்கத்திலிருந்து போட்ட பந்தை ஹன்னா வில்கின்சன் கோலாக்கினார். அதன் பிறகான நாற்பது சொச்ச நிமிடத்தை இன்னொரு தடவை ஓட்டிப் பாருங்கள். மேலேறும் ஓட்டங்களை அளந்து செலவழிப்பதும், பந்து வெளியே போகும் ஒவ்வொரு முறையும் வரிசையைக் குரல் கொடுத்துச் சரிசெய்வதும் கண்ணில் படும். 90ஆவது நிமிடத்தில் ரியா பெர்சிவல் அடித்த பெனால்டி குறுக்குக் கம்பத்தில் பட்டுவிட்டது. அந்த மாதிரி ஏமாற்றத்துக்கு அடுத்த இரண்டு நிமிடத்தில்தான் வரிசைகள் கலையும். கலையவில்லை. 42,137 பேர் முன்னிலையில் 1-0. ஆண்கள், பெண்கள் இரண்டையும் சேர்த்து நியூசிலாந்து சீனியர் அணி உலகக் கோப்பையில் பெற்ற முதல் வெற்றி. ரைலிக்கு அது ஐந்தாவது உலகக் கோப்பை.

பிலிப்பைன்ஸ் ஆட்டம் இன்னும் பயனுள்ள பாடம், ஏனென்றால் அதில் தோற்றார்கள். 24ஆவது நிமிடம். ஒரு ஃப்ரீ கிக் பெட்டிக்குள் வருகிறது, முழுதாக வெளியேறவில்லை. சாரா எகெஸ்விக் பந்தைத் திரும்ப உள்ளே போடுகிறார். சரினா போல்டன் தலையால் முட்டுகிறார், கோல்கீப்பர் கையில் பட்டும் உள்ளே போய்விடுகிறது. இரண்டாவது பந்து தரும் தொல்லை இதுதான். முதல் பந்தை முட்டி வெளியே தள்ளியதும் பின்வரிசை ஆஃப்சைட் கோட்டை உயர்த்த வெளியே ஓட ஆரம்பிக்கும். பந்து உடனே திரும்பி வந்தால் பாதிப் பேர் ஓட்டத்தில் முதுகைக் காட்டியபடி இருப்பார்கள், தாக்க வருபவரோ கோலைப் பார்த்தபடி இருப்பார். பந்தை அனுப்பப் போகிறவர் மேல் ஒருவர் அழுத்தம் கொடுத்தால் மட்டுமே வரிசை வெளியே ஏறலாம், அழுத்தம் இல்லையென்றால் நின்ற இடத்தில் நின்று ஆளைப் பிடிக்க வேண்டும். 68ஆவது நிமிடத்தில் ஹேண்ட் அடித்த சமன் கோல் வீடியோ பரிசோதனையில் ஆஃப்சைட் என்று போனது. பிறகு டூனடினில் சுவிட்சர்லாந்தோடு 0-0. நார்வேயும் நியூசிலாந்தும் நான்கு புள்ளி. பிலிப்பைன்ஸை 6-0 என்று வென்ற நார்வே கோல் வித்தியாசத்தில் முன்னேறியது.

இரட்டை வம்சாவளி பற்றிப் பேசுகிறோம் என்பதால் சொல்கிறேன். அந்த கோலைத் தயாரித்த எகெஸ்விக் நார்வேயோடு தொடர்புள்ளவர், அடித்த போல்டன் கலிபோர்னியாவில் வளர்ந்தவர். அவர்களைத் தடுத்த கேப்டன் லாஸ் ஏஞ்சலஸ்காரர்.

இன்னொரு ஆட்டமும் பார்க்க நேரம் இருந்தால் 2019, லீ ஹாவ்ர், நெதர்லாந்து. 90 நிமிடம் கோல் விடாமல் தாங்கி, 92ஆவது நிமிடத்தில் ஜில் ரூர்டின் கோலில் தோற்ற ஆட்டம். எப்போதும் பந்து இல்லாமல் ஓடும் அணியின் பேக்குகளுக்கு கடைசிப் பத்து நிமிடத்தில் கால் அல்ல, கவனம் முதலில் தளரும். தூரத்துக் கம்பத்தில் யார் நிற்கிறார் என்று தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்ப்பது குறையும். எத்தனை விநாடிக்கு ஒரு முறை திரும்பிப் பார்க்கிறார் என்று எண்ணிப் பாருங்கள், 10ஆவது நிமிடத்தையும் 85ஆவது நிமிடத்தையும் பக்கத்தில் வைத்து. டிஃபெண்டரைப் படிக்க எனக்குத் தெரிந்த நல்ல வழி அது.

மாமல்லன் (பதில்)

எல்லைக்கோடு அண்ணா, ஒரு துணைக்கேள்வி. ரைலி மாதிரி வெளிநாட்டில் பிறந்த இந்திய வம்சாவளிப் பெண்கள் இந்தியாவுக்கு ஆட முடியாதா? இங்கிலாந்து, அமெரிக்காவில் கல்லூரி அளவில் ஆடுறவங்க இருக்காங்களே.

எல்லைக்கோடு

முடியும், ஆனால் ரைலிக்கு இருந்த வசதி அவர்களுக்கு இல்லை தம்பி. ஃபிஃபா தடுக்கவில்லை, நம் சட்டம் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை குடியுரிமை ஆகாது. இந்திய பாஸ்போர்ட் இருந்தால்தான் நாட்டுக்கு ஆடலாம். ஓசிஐ அட்டை வைத்து ஐந்து ஆண்டு ஆனவர், விண்ணப்பிக்கும் முன் 12 மாதம் இங்கே வசித்துக் குடியுரிமை கேட்கலாம். பழைய குடியுரிமையை விட்டுவிட வேண்டும். ஜப்பானில் பிறந்த இசுமி அராட்டா அப்படித்தான் 2013இல் இந்திய ஆண்கள் அணிக்கு வந்தார். 2025இல் ரயன் வில்லியம்ஸ் ஆஸ்திரேலியப் பாஸ்போர்ட்டை விட்டு வந்தார், அவருக்குச் சங்க மாற்றமும் தேவைப்பட்டது.

ஒரு பெண் வீராங்கனைக்கு இந்தக் கணக்கு இன்னும் கடினம். அமெரிக்காவிலோ இங்கிலாந்திலோ லீகில் ஆடிச் சம்பாதிக்கிறவர் அந்தப் பாஸ்போர்ட்டை விட்டால், அடுத்த சீசனுக்கு அதே நாட்டில் வேலை விசா கேட்டு நிற்க வேண்டும். இங்கே 12 மாதம் வந்து தங்கினால் ஒரு முழு சீசன் போய்விடும். ரைலி எந்தப் பாஸ்போர்ட்டையும் விடாமல் ஸ்வீடன், இங்கிலாந்து, ஜெர்மனி, அமெரிக்கா என்று கிளப் மாறிக்கொண்டே நியூசிலாந்துக்கு 160 ஆட்டத்துக்கு மேல் ஆடினார். அந்த வாய்ப்பைச் சட்டம்தான் தந்தது, திறமை பிறகு வந்தது.

இடப்பக்கம்

தேன்மொழி, முடிவுப் பகுதிக்கும் ஒரு குறிப்பு எழுதி வெச்சுக்கோங்க. இடது காலில் நரம்புப் பிரச்சினை வந்து 2024 சீசனில் பெரும்பகுதி ஆட முடியலை. நரம்புக் காயம் தசைக்காயம் மாதிரி இல்லை. தசை கிழிஞ்சா இத்தனை வாரம்னு ஓரளவு சொல்லலாம், நரம்புக்கு அப்படி நாள் குறிக்க முடியாது, வலி நின்ன மாதிரி இருந்து வேகமா ஓடும்போது திரும்ப வரும். பாரிஸ் ஒலிம்பிக்ஸோட சர்வதேச ஆட்டத்தை முடிச்சுக்கிறேன்னு முன்கூட்டியே அறிவிச்சாங்க. பாரிஸுக்கு முதலில் அவங்க பெயர் மாற்று வீராங்கனைகள் பட்டியலில்தான் வந்தது. ஐந்து உலகக் கோப்பை ஆடின கேப்டன் அந்த இடத்தையும் ஏத்துக்கிட்டுப் போனாங்க. 2025 சீசன் முடிவில் ஏஞ்சல் சிட்டியிலும் ஓய்வு.

தேன்மொழி

ரொம்ப நன்றி எல்லாருக்கும். நார்வே, பிலிப்பைன்ஸ், நெதர்லாந்து மூணையும் அதே வரிசையில் பார்க்கிறேன். கடைசிப் பந்து, தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்க்கிறதை எண்ணணும்னா டிவி ஒளிபரப்பில் அது தெரியுமா?

கடைசிப் பந்து

பாதிதான் தெரியும். கேமரா பந்தோடு போய்விடும், தூரத்துப் பக்கத்து பேக் திரைக்கு வெளியே இருப்பார். கோல் கிக், கார்னர், மறுபக்க ஃப்ரீ கிக் நேரங்களில் கேமரா அகலமாக இருக்கும், அங்கே எண்ணுங்கள். முழு மைதானமும் தெரியும் உயரக் கோணப் பதிவு எங்கேயாவது கிடைத்தால் அதை எடுங்கள், மற்றதை விட்டுவிடலாம்.